‘வெறும் ஆய்வுதானே’ என்று சொல்லும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கு உரிமம் தந்து மேற்பார்வையிடும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடி முதல் இரயுமன்துறை வரை தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் எட்டு மீனவக் கிராமங்களுள் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நான் கடலுக்குப் போகிறவன் அல்லன். போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன். அண்மையில் ஊரார் சிலருடன் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். எங்கள் கடலில் நில அதிர்வு ஆய்வு எப்போது தொடங்கும், எந்தப் பகுதியில் தொடங்கும் என்ற இரண்டே கேள்விகள்தாம் எங்களிடம் இருந்தன. அதிகாரி மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. “இது வெறும் ஆய்வுதானே, துளை போடுகிற வேலை இல்லையே, வயிற்றை ஸ்கேன் எடுப்பதுபோலத்தான், இதற்கு ஏன் இப்படிப் பதறுகிறீர்கள்?” என்று கேட்டார். எங்கள் இரண்டு கேள்விகளுக்கும் கடைசிவரை விடை வரவில்லை. ஸ்கேன் எடுப்பதென்றாலும் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்பதை அன்றைக்கு அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய், எரிவாயு தேடும் பகுதிகளை மத்திய அரசு ஏலம் விடும் ஓஏஎல்பி திட்டத்தில், 2024 ஜனவரியில் வந்த ஒன்பதாம் சுற்றில், குமரிக்குத் தெற்கே மிக ஆழமான கடலில் 3 ஆய்வுத் தொகுதிகள், சுமார் 27,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்தன. 2025 பிப்ரவரியில் வந்த பத்தாம் சுற்றில் மேலும் ஒரு தொகுதி, ஏறத்தாழ 9,990 சதுர கிலோமீட்டர், காவிரிப் படுகையின் ஆழ்கடல் பகுதியில் இடம்பெற்றது. அதைக் கைவிடக் கோரித் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம் என்பதும், கடலடிப் படிவுப் படுகைகளைத் தேடிப் பார்ப்பதற்கு அரசுக்குக் காரணம் உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. எங்கள் படகுகளும் டீசலில்தான் ஓடுகின்றன. எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்பது பெரிய வழக்கு. அதை இந்த மடலில் நான் தொடவில்லை. துளையிடுவதற்கு முன்பு நடக்கும் அந்த ‘வெறும் ஆய்வை’ப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஆட்கள் அறிவியலாளர்கள் சொல்லிக் கேட்டவர்கள் அல்லர். மேற்குக் கடலில் கண்ணால் பார்த்தவர்கள். ஒரு கப்பல், காற்றைப் பல மடங்கு அழுத்தத்தில் அடைத்த குழல்களை நீருக்குச் சில மீட்டர் கீழே இழுத்துக்கொண்டு, மணிக்கு நான்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் ஊர்ந்து போகிறது. ஏறத்தாழப் பத்து விநாடிக்கு ஒரு முறை அந்தக் காற்று ஒரே அடியாக வெடித்து வெளியேறுகிறது. அந்த ஒலி கடற்படுகையைத் துளைத்து, பல கிலோமீட்டர் ஆழத்திலுள்ள படிவ அடுக்குகளில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒலியைக் கேட்பதற்காக, எட்டுப் பத்து கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள்கள், முப்பரிமாண ஆய்வு என்றால் அப்படிப் பல கேபிள்கள், கப்பலின் பின்னால் பக்கம் பக்கமாக மிதந்து வருகின்றன. இரவும் பகலும் வெடி நிற்பதில்லை. அந்தக் கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆகவே வழியில் இருப்பவர்கள்தான் விலக வேண்டும். விலக்குவதற்கென்றே காவல் படகுகள் முன்னும் பின்னும் வரும்.

விலக வேண்டியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவை. சூரைக்கும் சுறாவுக்கும் ஆயிரங்கால் தூண்டிலை, அதாவது வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் நீண்ட கயிற்றை, மாலையில் விடத் தொடங்கினால், பல கிலோமீட்டர் நீளத்துக்கு அது கடலில் கிடக்கும். அதை இழுத்து ஏற்றி முடிக்க ஓர் இரவின் பெரும்பகுதி வேண்டும். அப்படித் தூண்டில் விட்டுக் காத்திருந்த ஒரு படகின் கதையைச் சொல்கிறேன். அதன் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டும் தலைவர், எனக்கு உறவினர். நள்ளிரவுக்குப் பிறகு தொலைவில் விளக்குகள் தெரிந்திருக்கின்றன. சற்று நேரத்தில் வயர்லெஸ்ஸில் ஒரு குரல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி ஏதோ சொல்லியிருக்கிறது. படகிலிருந்த ஒரு பையனுக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியை வைத்து, தூண்டிலை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். எடுக்கத் தொடங்கினார்கள். பாதி ஏறுவதற்குள் கயிறு இலகுவாகிவிட்டது. அறுந்த நுனி கையில் வந்தபோது விடிந்திருந்தது. கப்பல் ஏற்கெனவே நெடுந்தூரம் போய்விட்டிருந்தது.

இழப்பீடு கேட்டு மனு எழுதியவன் நான். பதிலுக்கு ஓர் ஆங்கிலப் படிவம் வந்தது. கருவி வாங்கிய ரசீது, அறுந்த இடத்தின் அட்ச, தீர்க்க ரேகைகள், சம்பந்தப்பட்ட கப்பலின் பெயர், புகைப்படச் சான்று ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். பெரிய கயிறு ஒரு கடையில் வாங்கியது. கிளைக் கயிறுகள் வீட்டில் பெண்கள் மாலை நேரங்களில் முடிச்சுப் போட்டுச் சேர்த்தவை. மிதவைகளில் பாதி, தொழிலை விட்ட இன்னொரு படகுக்காரரிடம் கைமாற்றாக வந்தவை. இதற்கு ரசீதை எந்தக் கடையில் போய்க் கேட்பது? இருட்டில் வரிசையாகப் போகும் விளக்குகளில் கப்பலின் பெயரை எப்படிப் படிப்பது? ஸ்ராங்கு புத்திசாலி, ஜிபிஎஸ் திரையைத் தன் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அந்தப் படத்தில் தேதி தெரியவில்லை என்று சொல்லி அதையும் ஏற்கவில்லை. “இழப்பை உறுதிசெய்ய இயலவில்லை” என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்பட்டது. டீசலுக்கும் ஐஸுக்கும் ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணத்தை, அந்தப் படகில் போனவர்கள் அடுத்தடுத்த பயணங்களின் பங்கிலிருந்து கழித்துத்தான் அடைத்தார்கள். அன்று கப்பல் அந்தக் கோட்டில் வரப்போகிறது என்பது கப்பலை அனுப்பியவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதைத் துறைமுகத்தில் தமிழில் ஒரு தாளில் ஒட்டியிருந்தால், படகு ஐம்பது மைல் தள்ளித் தூண்டில் விட்டிருக்கும். எங்கள் கோரிக்கை முழுவதும் அந்த ஒரு தாளிலிருந்துதான் தொடங்குகிறது.

அறிவிப்பே தருவதில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. கடலோடிகளுக்கான எச்சரிக்கைகள் வெளிவருகின்றன. கப்பல்களுக்கு அவை போய்ச் சேர்கின்றன. ஆங்கிலத்தில், நான்கு மூலைகளின் பாகைக் கணக்கோடு வரும் அந்த எச்சரிக்கை, தேங்காய்ப்பட்டினத்திலோ குளச்சலிலோ ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கும் படகுக்கு வந்து சேர வழி செய்யப்படவில்லை என்பதுதான் குறை.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆவணத்தை உங்களுக்கு நினைவூட்ட அனுமதிக்க வேண்டும். குமரிக்குத் தெற்கேயுள்ள, மீன்வளம் மிக்க கடலடி மேடான வெட்ஜ் பேங்க் குறித்து 1976 மார்ச் 23 அன்று இந்திய, இலங்கை வெளியுறவுச் செயலாளர்கள் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். இலங்கையின் 6 கப்பல்கள் மட்டும், இந்திய அரசின் உரிமத்தோடு, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், 3 ஆண்டுகள் அங்கே மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தக் காலத்துக்குள் வெட்ஜ் பேங்கில் பெட்ரோலியம் தேட இந்தியா முடிவு செய்தால், எந்தெந்தப் பகுதிகள் அதற்காக ஒதுக்கப்படுகின்றன, எந்தத் தேதியில் பணி தொடங்குகிறது என்பதை இந்தியா இலங்கைக்கு அறிவிக்கும் என்றும் அதே கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பகுதி, தேதி: அலுவலகத்தில் நாங்கள் கேட்டதும் இந்த இரண்டைத்தான். ஆறு அயல்நாட்டுக் கப்பல்களுக்கு எழுத்தில் தந்த உறுதியை, அதே கடலில் தொழில் செய்யும் சொந்த நாட்டுக் குடிமக்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தும் தர முடியவில்லை என்றால், எங்கள் மனுக்களை இனிமேல் வெளியுறவு அமைச்சகம் வழியாக அனுப்பினால் பலன் கிடைக்குமா என்பதையாவது தெரிவிக்க வேண்டுகிறேன்.

மன்னிக்க வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

பருவம் பற்றி ஒரு சொல். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது, அலையின் இரைச்சல் கேபிள்களில் ஏறிப் பதிவைக் கெடுத்துவிடும் என்பதால், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களைத்தான் ஆய்வுக் கப்பல்கள் விரும்புகின்றன. அந்த மாதங்கள்தாம் எங்களுக்குத் தொழில் நடக்கும் மாதங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எங்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக அந்த 61 நாட்களும் படகைக் கரையில் கட்டச் சொல்கிறது அரசு, நாங்களும் கட்டுகிறோம். தடை முடிந்து கடல் தெளிந்த பிறகு, மீன் நலனைப் பற்றி யாரும் கேட்காத ஒரு வேலைக்காக இன்னொரு தடையை வாய்மொழியாக ஏற்கச் சொல்வது எந்த நியாயம்?

ஒலிக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு, நார்வே நாட்டார் தங்கள் பேரண்ட்ஸ் கடலில் 1992இல் செய்து 1996இல் வெளியிட்ட சோதனையைச் சுட்டிக்காட்டலாம். காற்றுக் குழல் வெடித்த பகுதியில் மட்டுமன்றி, 18 கடல் மைல் தொலைவு வரை காட், ஹேடாக் மீன்களின் இழுவலைப் பிடிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆயிரங்கால் தூண்டிலிலும் பிடிப்பு குறைந்தது. வெடி நின்று ஐந்து நாட்கள் வரை பார்த்தும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. காட் மீன் வேறு, எங்கள் சூரை வேறு என்று நீங்கள் சொல்லலாம். மிகச் சரி. அப்படியானால் சூரையை வைத்து இங்கேயே சோதித்துப் பாருங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எங்கள் ஊருக்கு அருகில் விழிஞத்திலேயே மையம் இருக்கிறது. ஆய்வுக்கு முன்பும் பின்பும் பிடிப்பை அளக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். எங்கள் படகுகளில் இடம் தருகிறோம்.

நார்வேயில் எண்ணெயும் எடுக்கிறார்கள், மீனும் பிடிக்கிறார்கள். அங்கே ஆய்வுக் கப்பலில் மீன்பிடித் தொழில் தெரிந்த ஒருவரை ஏற்றிச் செல்ல விதி வைத்திருக்கிறார்கள். இங்கே சட்டம் வேறு திசையில் போகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, துளையிடல் இல்லாத ஆய்வுக்கு முன்அனுமதியிலிருந்து விலக்கு தர இடம் வைத்தது. 2020 ஜனவரியில் வந்த திருத்தம், துளையிட்டுத் தேடும் கட்டத்தையும் ‘பி2’ பிரிவுக்கு இறக்கி, பொதுமக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று ஆக்கியது. ஆய்வுக்கு விலக்கு, அதற்கடுத்த துளைக்கும் கருத்துக் கேட்பு இல்லை, எண்ணெய் கிடைத்து, பணமெல்லாம் இறக்கப்பட்ட பிறகு கருத்துக் கேட்கக் கூட்டம் கூட்டினால், அங்கே நாங்கள் வந்து எதைச் சொல்வது? தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இதே வகை ஆய்வுக்குத் தரப்பட்ட உரிமை செல்லாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, கடற்கரைச் சமூகங்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்பது. துளை போட்ட பிறகு வந்த தீர்ப்பு அல்ல அது. வெறும் ஆய்வைப் பற்றிய தீர்ப்பு.

செய்தி கடலுக்குள் வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்கள் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் கற்றுக்கொண்டன. அதற்குப் பிறகு ஆழ்கடல் படகுகளுக்குத் தகவல் தொடர்பு ஏற்படுத்தித் தருவதாக எத்தனையோ பேர் வந்து சொல்லிப் போனார்கள். துறைமுகம் வருகிறது என்றார்கள், மணல் எடுக்க வருகிறோம் என்றார்கள். எல்லாத் திட்டங்களுக்கும் எங்கள் கடற்கரைக்கு வழி தெரிகிறது, தகவலுக்கு மட்டும் தெரியவில்லை. இதை நீட்டிக்கொண்டே போகலாம். அது இந்த மடலின் வேலை அல்ல.

ஆகவே பணிவோடு கேட்பது இதுதான். காற்றுக் குழல் ஒரு முறை வெடிப்பதற்கு முன்பே, எந்தப் பகுதியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தக் கோடுகளில் கப்பல் போகும் என்பதை வரைபடத்தோடு தமிழில் அச்சிட்டுத் தேங்காய்ப்பட்டினம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில் ஒட்டுங்கள். கோடு மாறினால் மாற்றத்தையும் ஒட்டுங்கள். காவல் படகில் தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த, தூண்டில் எப்படிக் கிடக்கும் என்று அறிந்த மீனவர் ஒருவரை ஏற்றுங்கள். அறுந்த கருவிக்கும் இழந்த தொழில் நாட்களுக்கும், ரசீது இல்லாதவர்களும் பெறக்கூடிய இழப்பீட்டு முறையை ஆய்வு தொடங்கும் முன் எழுத்தில் அறிவியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஊர்களுக்கு வந்து கருத்துக் கேளுங்கள். சட்டம் விலக்கு தந்திருக்கிறது என்பது, கேட்கக் கூடாது என்ற தடை ஆகாது. இவை நடக்கும்வரை எங்கள் கடலில் ஆய்வுக் கப்பல் இறங்கக் கூடாது என்பது எங்கள் வேண்டுகோள்.

கூட்டம் எப்போது நடத்துவது என்ற கவலை வேண்டாம். ஜூன், ஜூலை இரண்டு மாதங்களும் எங்கள் விசைப்படகுகள் கரையில்தான் இருக்கும். ஸ்ராங்குகளும் வீட்டில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு என்றால் எட்டு ஊராரும் வந்துவிடுவார்கள். தேதியை மட்டும் பதினைந்து நாட்களுக்கு முன்பு தெரிவித்துவிடுங்கள். வரும்போது கோடுகள் போட்ட அந்த வரைபடத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
தூத்தூர் மண்டல மனு எழுத்தன்