வெளிப்பக்கம் அளந்து எழுது

சாத்தூர்
வைகாசி 6, இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமா? அம்மா மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். போனில் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் போட்டால் எத்தனை பேர் கண்ணில் படுமோ தெரியாது. அதனால்தான் கடிதம். உன் பேங்க் முகவரிக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டுத் தபால் பெட்டி துருப்பிடித்துக் கிடந்ததைப் போன மாதம் பார்த்தேன்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. உன் வீட்டு மேற்கு அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்ட வேண்டும். உள்ளே இல்லை, வெளியே.

நீ அந்த அறைக்குக் கனமான நீலத் திரை போட்டு வைத்திருக்கிறாய். நல்ல துணிதான், விலையும் அதிகம் இருக்கும். ஆனால் அது வேலைக்கு ஆகாது தாயி. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அப்புறம் அது நம் வீட்டு வெயில். திரை சூடாகும், அந்தச் சூடு அறைக்குள்தான் இறங்கும். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடுமே தவிர, உள்ளே சூடான சாமான்கள் விடுகிற அனலை வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும். திருடன் உள்ளே வந்த பிறகு வாசலைப் பூட்டுகிற கதைதான் உன் திரை. நான் வேலை பார்த்த என்ஜினீயர் ஒருவர் ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டினார். நாலுக்கு நாலு மேற்கு ஜன்னல் ஒன்று, சித்திரை மாதம் நாலு மணிக்கு உள்ளே இறக்குகிற சூடு, ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அணைக்காமல் விட்ட மாதிரி. உன் ஜன்னல் அதைவிடப் பெரியது.

ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்கிறதே என்பாய். இருக்கிறது, இரண்டடி. நானே இந்தக் கையால் ஆயிரம் சன்ஷேடு போட்டிருப்பேன். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே இரண்டடி, தொப்பி வைத்த மாதிரி. அது மழைக்குச் சரி, தெற்கு வெயிலுக்கும் சரி. மேற்கு வெயில் மேலேயிருந்து வருவதில்லை, எதிரே நின்று முகத்தைப் பார்க்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு உன் சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஒன்றேகால் அடிதான் இறங்கும், ஐந்து மணிக்கு முக்கால் அடிகூடக் கிடையாது. நான் வந்திருந்த மூன்று நாளும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். குட்டி அதை நொண்டிக் கட்டம் என்று நினைத்து அதிலேயே விளையாடிக்கொண்டிருந்தான்.

ஆக, மேலே நீட்டுகிற பலகை போதாது. ஜன்னலுக்கு முன்னால் தொங்குகிற ஒன்று வேண்டும். மூங்கில் தட்டி நல்லது, சுருட்டி ஏற்றுகிற மாதிரி கயிறு வைத்தது. சன்ஷேடின் விளிம்பில் இரண்டு கொக்கி அடித்துத் தொங்கவிட்டால் கண்ணாடிக்கும் தட்டிக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி முக்கியம். தட்டி வாங்குகிற சூடு அது வழியாகத்தான் வெளிக்காற்றில் போய்விடும். கண்ணாடியோடு ஒட்டி அடித்துவிடாதே. கீழே இரண்டு முனையையும் கயிறு போட்டுக் கட்டு. ஆடிக் காற்றில் அவிழ்ந்தால் கீழ்வீட்டுக்காரர்களோடு சண்டை வரும். ஐப்பசி பிறந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடு, புயலுக்கு நிற்காது. மூங்கில் வேண்டாம் என்றால் நர்சரிக்காரர்கள் போடுகிற பச்சை நிழல்வலை இருக்கிறது, எழுபத்தைந்து சதவீதம் என்று கேட்டு வாங்கு. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. அசோசியேஷனில் முகப்பு கெட்டுப்போகிறது என்பார்கள். அவர்கள் யாரும் அந்த அறையில் படுப்பதில்லை.

வெட்டிவேர்த் தட்டி வாங்கித் தண்ணீர் தெளிக்கலாமா என்று அம்மா கேட்டாள். அது நம் ஊர் காய்ந்த காற்றுக்குத்தான். சென்னையில் மத்தியானத்துக்குமேல் கடல்காற்று ஈரத்தோடு வந்துவிடும், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது, குளிர்ச்சியும் குறைச்சல். அந்தக் கடல்காற்றும் கிழக்கேயிருந்து ஹாலுக்குள் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. மேற்கு அறைக் கதவை நீ சாத்தியே வைத்திருக்கிறாய். எதற்காகச் சாத்துகிறாயோ, அதை நான் கேட்கவில்லை. திறந்து வைத்தால் காற்று ஊடே போகும் என்று மட்டும் சொல்கிறேன்.

சாமான் போட்டு வைக்கிற அறை என்று சொன்னாய். சாமான்களைப் பார்த்தேன். குட்டியின் பழைய சைக்கிள், அரிசி டிரம், இஸ்திரி மேசை. உன் தலையணை, கண்ணாடிக் கூடு, ஆபீஸ் பை, தேங்காயெண்ணெய். சுவரோரம் சுருட்டி வைத்த பாய்.

ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, சைனஸ் என்றாய். சரி. ஐஸ் வண்டிக்காரன் வீட்டில்தான் கல்யாணம் கட்டிக்கொள்வேன் என்று ஆறாம் வகுப்பில் அடம்பிடித்த பிள்ளைக்குச் சைனஸ் எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் சொன்னால் மூன்று ஊருக்கும் போய்விடும், கோவில்பட்டி சித்தி மறுநாளே பஸ் ஏறிவிடுவாள்.

அந்த அறை ராத்திரியில்தான் மோசம், இல்லையா? இரண்டாம் நாள் பத்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் ஆறுகிற சூடு இருந்தது. ஒன்பது அங்குலச் சுவர் மத்தியானம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் விளக்கை அணைக்கிற நேரத்தில்தான் அதைத் திருப்பித் தர ஆரம்பிக்கும். அதனால் ஜன்னலுக்கு மட்டும் மறைப்புப் போட்டால் பாதி வேலைதான். சுவரிலும் நிழல் விழ வேண்டும். தட்டியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் இரண்டடி கூடுதலாக வாங்கு. பக்கத்தில் பால்கனிக் கம்பி இருக்கிறது, அதில் சங்குப்பூக் கொடி ஏற்றிவிடலாம். இரண்டு தொட்டி போதும், விதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அடுப்படி வடக்குப் பார்த்த ஜன்னல்தானே என்று விட்டுவிடாதே. சென்னையில் சித்திரை பாதியிலிருந்து ஆவணி பிறக்கிற வரை உச்சி வெயிலே வடக்குச் சாய்வுதான், சாயங்காலம் அந்த ஜன்னலிலும் எட்டிப்பார்க்கும். அதற்குச் சின்னத் தட்டி போதும். முதலில் மேற்கு.

நம் வீட்டுச் செய்தி சொல்லவில்லையே. தம்பிக்குக் கோயம்புத்தூரில் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. உனக்கு மேனேஜர் புரமோஷன் வந்ததை டீக்கடையில் நான்தான் முதலில் சொன்னேன், பழைய கொத்தனார் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். "உங்க மக கையெழுத்துப் போட்டாத்தான் லோன் கிடைக்குமாமே" என்று ஒருவன் கேட்டான். ஆமாடா என்றேன். அவ்வளவு பெரிய கையெழுத்துப் போடுகிறவள், தன் வீட்டில் தான் படுக்கிற அறைக்கு ஒரு தட்டி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க மாட்டாளா? மூன்று வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறாய். கேட்டால்தானே தாயி கிடைக்கும்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். கேட்டாயே. நீ கேட்டாய்.

2001இல் ஓட்டு வீட்டை இடித்தேன். தாழ்வாரம் இருந்த வீடு. உன் அப்பத்தா வேண்டாம் வேண்டாம் என்றாள். ஊருக்கெல்லாம் மொட்டைமாடி வீடு கட்டுகிற மேஸ்திரி ஓட்டு வீட்டில் இருக்கலாமா என்று எனக்கு. கிழக்கு அறை தம்பிக்கு, காற்றோட்டமாக இருந்தால் படிப்பான் என்று. மேற்கு அறை உனக்கு. மேற்கு ஜன்னலுக்கு ஏன் சன்ஷேடு இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், பக்கத்து நிலத்துக்குள் நீட்டிவிடும், வம்பு வரும் என்றேன். இன்றுவரை உன் அம்மாவும் அப்படித்தான் நம்புகிறாள். அது பொய். அங்கே நமக்கு மூன்றடிச் சந்து உண்டு. கம்பி பற்றவில்லை. வாசல் போர்ட்டிகோவுக்கு வளைவு வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இருந்த கம்பியை அதற்குப் போட்டுவிட்டேன். அந்த வளைவைப் பார்த்து நாலு பேர் வேலை கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

சன்ஷேடு இருந்திருந்தாலும் நாலு மணி வெயிலை அது தடுத்திருக்காது என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மேலேதான் அடி கணக்கோடு எழுதியிருக்கிறேனே. ஆனால் ஒரு பனையோலைத் தட்டி கட்ட எவ்வளவு நேரமாகும்? நம் ஊரில் ஓலைக்கா பஞ்சம்? பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனபோது, பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டு ஜன்னல்களில் சாய்வுச் சட்டம் வைத்த மரக்கதவுகளைக் காட்டி, காற்று வரும், வெயில் வராது, நமக்கும் இப்படிப் போடலாமாப்பா என்றாய். அதெல்லாம் பணக்கார வீட்டு வேலை என்றேன். உன் கண்ணுக்குப் பட்டது என் கண்ணுக்குப் படவில்லை, தொழில் எனக்கு.

2003இல் நுழைவுத் தேர்வுக்கு அந்த அறையில் உட்கார்ந்து படித்தாய். அனலாக இருக்கிறது, ஹாலில் உட்காரட்டுமா என்று வந்து கேட்டாய். டிவி பார்க்கத்தான் ஹாலுக்கு வருகிறாய் என்று சத்தம் போட்டேன். தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் மயங்கி விழுந்தாய். சாப்பிடாமல் படித்தாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அரை மார்க்கில் சீட்டு போனது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதையும் கேட்டதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. உன் கல்யாணத்தில்கூட, என்ன நகை வேண்டும் என்று சித்தி கேட்டதற்கு "எதுனாலும் சரி" என்றாய். தங்கமான பிள்ளை என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

போன வாரம் நம் மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டிவிட்டேன். இப்போது யாரும் படுப்பதில்லை அந்த அறையில், இருந்தாலும் கட்டினேன். நாலு நாளாக நான்தான் மத்தியானம் அங்கே படுத்துப் பார்க்கிறேன். வித்தியாசம் தெரிகிறது. கிழக்கு அறையையும் ஒழித்துச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. குட்டிக்குப் பள்ளிக்கூடம் திறக்க நாள் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு லீவு இருந்தால் வரட்டும், இல்லாவிட்டால் நீயும் அவனும் மட்டும் வாருங்கள். எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், உன் அம்மா உட்பட. அது என் பொறுப்பு.

நீ வேலைக்குச் சேர்ந்தபோது தொடங்கினாயே, அந்தப் பழைய கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். தட்டிக்குத்தான். மீதி இருந்தால் இருக்கட்டும்.

நீ வருகிற மாதிரி இல்லையென்றால் நானே தட்டியோடு வருகிறேன். பஸ்ஸில் மேலே போட்டுக்கொள்ளலாம். கட்டி முடிக்க நாலைந்து நாள் ஆகும். ஒரு தட்டிக்கு எதற்கு நாலைந்து நாள் என்று மாப்பிள்ளை கேட்டால், வயதாகிவிட்டது, கை முன்போல ஓடவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஜன்னல் அகலமும் உயரமும் அங்குலக் கணக்கில் எழுதி அனுப்பு. உள்ளே பிரேமை அளக்காதே, வெளிப்பக்கம் சுவரிலிருந்து சுவருக்கு அள. எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதே. போனில் சொல்வது சுலபமென்றால் போனிலேயே சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை. போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது, அம்மாவுக்குக் கேட்காது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன் அல்லவா. முடியாவிட்டால் விடு. அதற்கும் வேறு வழி இருக்கும், வந்து பார்த்துச் சொல்கிறேன்.