கோப்பை அலமாரியும் கழிப்பறைத் தாழ்ப்பாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளை எந்தப் பயிற்சியாளரிடம் சேர்ப்பது என்று சென்ற ஞாயிறு இணைப்பில் அறிவுரை வழங்கிய கட்டுரையாளர், “அகாடமியின் கோப்பை அலமாரியைப் பார்த்தாலே போதும்” என்கிறார். பார்த்தோம் ஐயா. மூன்று ஆண்டுகளுக்கு முன், வடசென்னையில் ஓர் அகாடமியின் அலமாரியைப் பார்த்து மயங்கித்தான் பதினோரு வயது மகளை வாலிபாலில் சேர்த்தோம். அந்தக் கோப்பைகளில் ஒன்றுகூடப் பெண்கள் அணி வென்றதில்லை என்பது, ஆறு மாதம் கழித்து எழுத்துகளைக் கூர்ந்து படித்தபோதுதான் தெரிந்தது.

ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர், சிறுமியருக்கு இன்னும் தாழ்வாக என்பதெல்லாம் உங்கள் விளையாட்டுப் பகுதியினருக்குத் தெரியாததல்ல. அங்கே பெரிய பையன்களுக்குக் கட்டிய வலையை இறக்கச் சோம்பல்பட்டு, எங்கள் பிள்ளைகளை அதிலேயே ஸ்மாஷ் அடிக்க வைத்தார்கள். தோள் வலிக்கிறது என்றவளுக்கு, “வலிக்காமல் விளையாட்டு வருமா?” என்பது பதில். பலகையில் பயிற்சியாளரின் பெயருக்குப் பின்னால் என்.ஐ.எஸ்., அதாவது தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்பு முடித்தவர், என்றிருந்தது, அது ஓராண்டு டிப்ளமோ அல்ல, ஆறு வாரச் சான்றிதழ் என்று பிறகு அறிந்தோம். ஆறு வாரம் படித்தவர்களில் நல்லவர்கள் இல்லையென்று சொல்லமாட்டேன். இன்று என் மகள் மாநகராட்சித் திடலில் அப்படி ஒருவரிடம்தான், ஒரு கோப்பையும் இல்லாத அணியில், மகிழ்ச்சியாக ஆடுகிறாள்.

பழைய இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அதனால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே பயிற்சிக்குப் போனார்கள். பெற்றோர் உள்ளே வந்தால் கவனம் சிதறுமாம், கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். 2023-இல் பாலியல் தொல்லைப் புகாருக்கு நீதி கேட்டு மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்த படத்தை முதல் பக்கத்தில் வெளியிட்ட தங்களுக்கு, மூடிய கேட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நினைவு ஞாயிறு இணைப்பு வரை வருவதில்லை போலும்.

சென்ற ஆண்டு, மாணவியர் இறுதிப் போட்டியின் படத்தில் வீராங்கனைகளின் பெயரை விட்டுவிட்டுப் பரிசளித்த பிரமுகர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டீர்கள். அதைக் குறித்து நான் எழுதிய கடிதம் இடப் பற்றாக்குறையால் வெளிவரவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். அதே வாரம் ஐ.பி.எல். வீரர்களின் சிகை அலங்காரத்துக்கு அரைப் பக்கம் கிடைத்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கோடைப் பயிற்சி முகாம் பட்டியலில், கட்டணத்துக்குப் பக்கத்தில், பெண் பயிற்சியாளர் உண்டா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். கழிப்பறை உண்டு என்று சொன்னால், தாழ்ப்பாளையும் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாலிபால் வீராங்கனையின் தாய்,
பெரம்பூர், சென்னை.