‘ரோட் லீகல்’ என்று விற்ற சைலன்சர்: பைக் உதிரிபாக நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பைக் உதிரிபாக ஆன்லைன் விற்பனைப் பிரிவு.

பொருள்: சாலையில் ஓட்டச் சட்டப்படி அனுமதி உண்டு என்று விளம்பரம் செய்து விற்ற சைலன்சரைப் போலீஸார் பறிமுதல் செய்தது, பணத்தைத் திருப்பித் தர நீங்கள் மறுப்பது தொடர்பாக.

ஐயா,

உங்கள் தளத்தில் 14,500 ரூபாய்க்கு நான் வாங்கிய, எக்ஸாஸ்ட் குழாயின் முனையில் செருகி மாட்டும் ஸ்லிப்-ஆன் சைலன்சரைப் பற்றிய புகார் இது. கஸ்டமர் கேரில் பேசியாயிற்று, வாட்ஸ்அப்பில் எழுதியாயிற்று, மெயிலும் போட்டாயிற்று. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகப் பதில் வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வைக்கிறேன். எழுத்தில் ஒரே பதிலாகக் கொடுங்கள்.

என்னுடையது 350 சிசி, பி.எஸ்.6 வண்டி. வண்டியோடு வந்த சைலன்சர் நல்ல கனம், துருவும் பிடிக்க ஆரம்பித்திருந்தது. கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் அப்படித்தான். மாற்ற வேண்டும், ஆனால் தெருவை எழுப்பும் சத்தமும் வேண்டாம், போலீஸ் தொல்லையும் வேண்டாம் என்று தேடித்தான் உங்கள் தளத்துக்கு வந்தேன். பொருளின் பக்கத்தில் முதல் வரியே ‘100% ரோட் லீகல்’. அதற்குக் கீழே, சத்தத்தைக் குறைக்க சைலன்சர் வாய்க்குள் மாட்டும் டி.பி. கில்லருடன் 80 டெசிபலுக்குள்தான் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பெட்டிக்குள் சர்டிபிகேட் வரும், செக்கிங்கில் அதைக் காட்டினால் போதும், ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது என்று உங்கள் விளம்பர வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். புதுப்பேட்டையில் இதே மாதிரி பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அங்கே கடைக்காரரே “மாட்டினா பிடிப்பாங்க சார், பார்த்துக்குங்க” என்று சொல்லித்தான் கொடுப்பார். உங்களுக்கு நான் கூடுதலாகக் கொடுத்த காசு அந்த உத்தரவாதத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அக்கரை தாண்டுவதற்குள் எங்கேயாவது பேரிகார்டு போட்டிருப்பார்கள். என்னையும் ஓரங்கட்டச் சொன்னார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் காட்டினேன். 2018-லேயே மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்து அதைச் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள், எஸ்.ஐ.யும் மறுபேச்சில்லாமல் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வண்டியின் வலது பக்கம் வந்து குனிந்து, பேனா முனையால் சைலன்சரை ஒரு தட்டுத் தட்டினார்.

“கம்பெனி சைலன்சர் இல்லையே தம்பி?”

“இல்ல சார். ஆனா ரோட் லீகல்தான், சர்டிபிகேட் இருக்கு” என்று உங்கள் அட்டையை நீட்டினேன். லேமினேஷன் செய்த, தங்க நிற முத்திரை போட்ட அந்த அட்டை உங்களுக்கு நினைவிருக்கும். ‘பொருந்தக்கூடிய விதிமுறைகளுக்கு உட்பட்டது’ என்று எழுதி, கீழே உங்கள் நிறுவனத்தின் சேல்ஸ் மேனேஜர் கையெழுத்து. அவர் முன்பக்கத்தை நிதானமாகப் படித்தார். பின்பக்கம் திருப்பினார். வெயிலில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கறுப்பு நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில் அச்சடித்திருந்த பொடி எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்: ‘ரேஸ் டிராக் மற்றும் ஆஃப்-ரோடு பயன்பாட்டுக்கு மட்டும்.’

“முன்னாடி ரோட் லீகல்னு போட்டிருக்கான், பின்னாடி ரோட்ல ஓட்டாதேன்னு போட்டிருக்கான். நான் எதை நம்பணும்? சரி, கையெழுத்துப் போட்டது யாரு, ஆர்.டி.ஓ.வா? டெஸ்டிங் சென்டரா? விக்கிறவனே எழுதிக் கொடுத்ததை வெச்சு நான் என்ன பண்றது?”

அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் அந்த அட்டையை எந்த அதிகாரத்தில் கொடுத்தீர்கள்? பின்பக்க வாசகம் உங்கள் தளத்தில் ஏன் ஒரு இடத்தில்கூட இல்லை?

எஸ்.ஐ. மேல் எனக்கு வருத்தம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார், சலானும் முறையாகப் போட்டார். வண்டி ஸ்டேஷனுக்குப் போனது. வீட்டிலிருந்து பழைய சைலன்சரை வரவழைத்து, பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. உங்கள் சைலன்சரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஸ்டேஷனின் பின்பக்கம் அதன் பங்காளிகள் ஒரு குவியலாகவே கிடக்கின்றன.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

கஸ்டமர் கேரில் பேசியவர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் கட்டமைப்பை மாற்றினால்தான் பொருந்தும், சைலன்சர் கட்டமைப்பு அல்ல, அதனால் போலீஸ் செய்ததே தவறு என்றார். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்த மாதிரி இருந்தது. 52-வது பிரிவின் விளக்கத்தில் ‘அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பை மாற்றுவது’ என்று இருப்பது உண்மைதான். தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று அதே பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மைதான். அந்த வாதத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் சலானில் இருப்பது 52 இல்லை, 190(2). அது சத்தத்துக்கும் புகைக்கும் உரிய பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடை என்று அதில் இருக்கிறது. கட்டமைப்பு மாறியதா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சைலன்சர் விற்கும் நிறுவனத்தில் இது ஒருவருக்கும் தெரியாது என்றால் நம்ப முடியவில்லை.

மெயிலில் வந்த பதில், சைலன்சரில் ‘ஈ-மார்க்’ இருக்கிறது, அது சர்வதேச அங்கீகாரம் என்கிறது. ஈ-மார்க் என்பது மோட்டார்சைக்கிளின் மாற்றுச் சைலன்சர்களுக்கான ஐ.நா.வின் 92-ஆம் ஒழுங்குமுறையின் கீழ் கொடுப்பது. வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும், அனுமதி கொடுத்த நாட்டின் எண்ணும் இருக்கும். ஜெர்மனி என்றால் 1, இத்தாலி என்றால் 3. பக்கத்திலேயே அனுமதி எண்ணும் இருக்கும். நீங்கள் அனுப்பியதில் வட்டமும் எழுத்தும் மட்டும்தான். நாடும் இல்லை, அனுமதி எண்ணும் இல்லை. பறிமுதலுக்கு முன் எடுத்த போட்டோவை இணைத்திருக்கிறேன். அசலாகவே இருந்தாலும் இங்கே அது தானாகச் செல்லாது. அந்த அங்கீகாரங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் 1958-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா உறுப்பு நாடு கிடையாது. இங்கே செல்லும்படி சோதித்துச் சான்று தரப் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்திலேயே ஒரு மையம் என்று இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று, என் வண்டி மாடலில் இந்தச் சைலன்சரை மாட்டிச் சோதித்த அறிக்கை உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் இன்றே அனுப்புங்கள், இந்தக் கடிதத்தின் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

80 டெசிபல் கதையையும் சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையில் வைத்த வரம்பு 80 என்பது சரி. ஆனால் அதை அளக்கும் முறை வேறு. ஓடுபாதையில் 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, வண்டியை முழுசாக முறுக்கிக்கொண்டு கடக்கவிட்டு அளப்பார்கள். உங்கள் வீடியோவில் வண்டி ஐடிலில் நிற்கிறது, ஒருவர் மொபைல் ஆப்பைப் பிடித்துக்கொண்டு ‘79, பார்த்தீங்களா’ என்கிறார். ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவைகூட முறுக்கவில்லை. ஐடிலிலேயே 79 என்றால் ஓடும்போது எவ்வளவு என்று கேட்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

பொல்யூஷன் சர்டிபிகேட் இருந்தால் போதும் என்று இன்னொருவர் சொன்னார். அந்தச் சோதனையில் புகையைத்தான் பார்ப்பார்கள், சத்தத்தை யாரும் அளப்பதில்லை. இதை இதோடு விடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த பதில்தான் எல்லாவற்றுக்கும் சிகரம். “சார், செக்கிங் இருந்தா டி.பி. கில்லர் போட்டுக்குங்க, தாண்டினதும் கழட்டிடுங்க.” முதலில் ஒன்று: நான் டி.பி. கில்லரைக் கழற்றவே இல்லை, அது மாட்டியிருக்கும்போதுதான் பிடித்தார்கள். இரண்டாவது, ஓடி வந்த சைலன்சரின் வாய்க்குள் கையை விட்டு ஆலன் கீயால் ஸ்க்ரூ முடுக்க வேண்டும் என்றால் பேரிகார்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஆற வைக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ‘ரோட் லீகல்’ என்று விற்கிற நிறுவனமே போலீஸை ஏய்க்க வழி சொல்கிறது என்றால், பொருள் லீகல் இல்லை என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அந்த ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பில் இருக்கிறது.

என் கோபம் சைலன்சரோடு நிற்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தைக் கச்சிதமாகக் காட்ட மாட்டும் டெயில் டைடி என்று ஒன்றை உங்கள் தளத்தில் விற்கிறீர்கள், அதற்கும் அதே ‘ரோட் லீகல்’ முத்திரை. அதை மாட்ட சாரி கார்டைக் கழற்ற வேண்டும். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி கட்டாயமாக்கிய பாகம் அது. நம்பர் பிளேட்டையும் இடம் மாற்ற வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இருப்பது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதன் ஸ்னாப் லாக்கை உடைத்தால்தான் கழற்ற முடியும். இதையெல்லாம் வாங்குகிற காலேஜ் பசங்களுக்கு யார் சொல்வது?

மாட்டினவன்தான் மாட்டிக்கொள்கிறான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வண்டி உரிமையாளருக்கு. பாகத்தை விற்றவரைத் தண்டிக்கும் உட்பிரிவோ, முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று அரசு அறிவித்தவற்றோடு நின்றுவிடுகிறது. ரோட்டில் நின்று பதில் சொல்ல நான், கல்லாவில் காசு எண்ண நீங்கள் என்ற ஏற்பாடு உங்களுக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் பொய் விளம்பரத்துக்கு அந்த வசதி கிடையாது, அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். சைலன்சரின் முழு விலை 14,500 ரூபாய், சலானில் கட்டிய தொகை, மெக்கானிக் கூலி ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். சோதனை அறிக்கை இல்லாத எல்லாப் பொருள்களில் இருந்தும் ‘ரோட் லீகல்’ என்ற வாசகத்தை எடுக்க வேண்டும். ‘ஆஃப்-ரோடு மட்டும்’ என்பதை அட்டையின் முதுகில் ஒளித்து வைக்காமல், தளத்தில் விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். இதற்கு முன் வாங்கியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்; அவர்கள் மெயில் முகவரி உங்களிடம் இருக்கிறது, தள்ளுபடி அறிவிப்பு வாராவாரம் தவறாமல் வருகிறதே.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று தானாக வரும் மெயிலை நான் ஒப்புகையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மாதம் கடந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தில் வந்து பேசியவருக்கும் சேர்த்துத்தான். வீடியோவில் அடித்துச் சொன்ன அந்தத் தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, பொருளைத் திருப்பி அனுப்பினால்தான் பணம் கிடைக்கும், அதுவும் பயன்படுத்தாத நிலையில் இருக்க வேண்டும் என்று நேற்று ஒரு மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஸ்டேஷன் முகவரியும் சலான் எண்ணும் இணைப்பில் இருக்கின்றன. உங்கள் ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், காட்டினால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், சலான் நகல், அட்டையின் இரு பக்கப் படங்கள், சைலன்சர் போட்டோ, தளத்தின் விளம்பரப் பக்கம், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்.