கேஸ் என்று சொல்லி ஜீப் ஏறுகிறவர்களுக்குத்தான் டி.எம்.டி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பம், கூடலூர், குமுளி பக்கம் கொஞ்ச காலமாக எந்தச் சுவரைப் பார்த்தாலும் இதயப் பரிசோதனை முகாம் போஸ்டர்தான். ரத்தம், ஈசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன், ஓடுகிற பெல்ட்டில் நடக்க வைத்து ஈசிஜி பார்க்கிற டி.எம்.டி எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், அதுவும் தள்ளுபடியில். உங்கள் பேப்பரிலும் விளம்பரம் வருகிறது, அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். கேரளப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டி.எம்.டி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முகாமில் ஒரு தொந்தரவும் இல்லாமல் வரிசையில் நிற்கிற பலருக்கு இந்த டெஸ்ட் தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்களோ அந்த நேரத்தில் ஏலத்தோட்டத்தில் வேலையில் இருக்கிறார்கள்.

விடியுமுன்னே சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் நம் ஊர் அம்மாக்களைச் சொல்கிறேன். சரிவில் ஏறும்போது நடு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் ஒரு அழுத்தம், சிலருக்குத் தாடை வரைக்கும், சிலருக்கு இடது கை வரைக்கும் இழுக்கும், கொஞ்சம் நின்றால் போய்விடும், மறுபடி ஏறினால் மறுபடி வரும். கேட்டால் கேஸ் என்பார்கள், ஒரு சோடா குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஏறினால் வந்து நின்றால் போகிற இந்த வலியைத்தான் டாக்டர்கள் ஆஞ்சைனா என்கிறார்கள். படுக்க வைத்து எடுக்கிற ஈசிஜி இவர்களுக்குச் சுத்தமாகவே இருக்கலாம், ஏனென்றால் சும்மா படுத்திருக்கிற இதயத்துக்குச் சுருங்கிய குழாய் வழியாக வருகிற ரத்தமே போதும். உழைக்க வைத்தால்தான் பற்றாக்குறை வெளியே தெரியும். டி.எம்.டி செய்வது அதைத்தான்.

இந்த டெஸ்டுக்கு புரூஸ் முறை என்று ஒன்று, 1963 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 3 நிமிடத்துக்கு ஒருமுறை பெல்ட்டின் வேகமும் ஏற்றமும் கூடும். மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றத்தில் ஆரம்பித்து மூன்றாவது கட்டத்தில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம் ஆகிவிடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை நாடித்துடிப்பு ஏற வேண்டும், அதாவது 50 வயதுக்காரருக்கு சுமார் 145. ஈசிஜி கோட்டில் எஸ்.டி என்கிற பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கினால் அடைப்பு இருக்குமோ என்று சந்தேகம்.

முகாம்களில் நடக்கிற கூத்து இங்கேதான். பட்டுப்புடவையில், வயிறு நிறைய தோசை சாப்பிட்டுவிட்டு வருகிற அம்மாவை அப்படியே ஏற்றிவிடுவார்கள், அவர் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நடப்பார், பாதி பாரம் கைக்குப் போய்விடும். 4 நிமிடத்தில் மூட்டு வலி என்று இறங்கிவிட்டால், நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டியிருக்காது, ஆனாலும் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்', அதாவது கோளாறு இல்லை என்று அடித்துக் கொடுக்கிறார்கள். முடிவு சொல்ல முடியாத டெஸ்ட் என்றுதான் அதில் எழுத வேண்டும். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் துடிப்பு ஏறாது. அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது. மூட்டு தேய்ந்தவர்களுக்கு ஊசி மருந்து கொடுத்து எக்கோவில் பார்க்கிற டோபுடமின் டெஸ்ட் இருக்கிறது, நியூக்ளியர் ஸ்கேன் இருக்கிறது. போஸ்டரில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஒழுங்காகச் செய்தாலும் இது நூற்றுக்கு நூறு இல்லை. 1989-இல் 147 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடைப்பு இருக்கிறவர்களில் சுமார் 68 சதவீதம் பேரைத்தான் பிடித்திருந்தது, இல்லாதவர்களிலும் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு இருப்பதாகக் காட்டியிருந்தது. பெண்களுக்கு இந்தப் பொய் பயம் இன்னும் அதிகம். அதனால்தான் இதய நோய் ஆபத்து குறைவாக இருக்கிற, ஒரு தொந்தரவும் இல்லாத ஆளுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2018-இல் சொன்னது. எங்கள் தெருவில் ஒரு தங்கச்சிக்கு வலியே கிடையாது, முகாமில் 'பாசிட்டிவ்' என்றதும் நேரே ரத்தக் குழாய்க்குள் மருந்து விட்டுப் படம் எடுக்கிற ஆஞ்சியோ, கடைசியில் பார்த்தால் குழாயில் அடைப்பே இல்லை. வட்டிக்கு வாங்கிய பணம் போனது போனதுதான்.

இன்னொரு பக்கம், நார்மல் என்று வந்ததும் பீடியைத் திரும்பப் பற்றவைக்கிற அண்ணன்மார். 30, 40 சதவீத அடைப்பு டி.எம்.டியில் தெரியாது, ஆனால் அந்தச் சின்னக் கொழுப்புத் திட்டு வெடித்து ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து வியர்த்தால் டி.எம்.டி பக்கமே போகாதீர்கள், நேரே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

ஆகவே முகாம் நடத்துகிறவர்கள் பெல்ட்டில் ஏற்றும் முன் டாக்டரை உட்கார வைத்து ஆளிடம் நாலு கேள்வி கேட்கட்டும், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி பக்கத்தில் இருக்கட்டும், தோட்டம் லீவு விடுகிற நாளில் முகாமை வைக்கட்டும். நீங்களும் அந்த விளம்பரத்துக்குக் கீழே 'மேடு ஏறினால் நெஞ்சு அழுத்துகிறதா, முதலில் வாருங்கள்' என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். அப்புறம், தேனியில் எடுத்ததைக் கோட்டயத்துக்கோ அங்கே எடுத்ததை இங்கேயோ கொண்டுபோகிறவர்கள் முடிவு எழுதிய தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், கிராஃப் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் வெயிலில் மங்கிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெக்னீஷியன்,
குமுளி