மருதந்தோப்புக் கரைக்கு இன்னும் 1,86,500 ரூபாய் வேண்டும்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், ஐப்பசி மழைக்குள் ஆற்றங்கரை வேலை முடிய வேண்டும், கையில் பணம் போதவில்லை.

தாமிரபரணியில் நம் தோப்பைப் போல ஒன்று எத்தனை ஊருக்கு வாய்த்திருக்கிறது? நான்கு பேர் கைகோத்தாலும் அடங்காத மருத மரங்கள், அவற்றின் வேர்தான் இத்தனை காலமும் கரையைப் பிடித்து நின்றது. நம் தாத்தாமார் வயல் வேலை முடிந்து துண்டை விரித்துப் படுத்த நிழல் அது. ஆச்சிமார் கூட்டாஞ்சோறு பொங்கியதும், தைப்பூசத்துக்கு ஊரே முழுக்குப் போட்டதும் அங்கேதான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேறு எந்த இடம் இருக்கிறது?

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏழு மரம் சாய்ந்தது. வெள்ளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று அரிவாளோடு வருகிறவர்களை என்ன செய்ய? படித்துறையை ஒட்டிய மரத்தைப் போய்ப் பாருங்கள், இடுப்பு உயரத்தில் சுற்றிலும் உரித்து உள்பட்டை செக்கச்செவேல் என்று தெரிகிறது. அப்படி உரித்தால் இலையில் ஆன சாப்பாடு வேருக்கு இறங்காது, மரம் நின்றபடியே காயும்.

பக்கத்தில் திருப்புடைமருதூர்க்காரர்கள் ஆற்றங்கரை மரங்களில் அடையும் பறவைகளை ஊராகச் சேர்ந்து காத்தார்கள். 2005-இல் அந்த இடத்தை அரசு பாதுகாப்புக் காப்பகம் (கன்சர்வேஷன் ரிசர்வ்) என்று அறிவித்தது, அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவது. பரப்பு 3 ஹெக்டேர்கூட இல்லை. நம் தோப்பு அதைவிடப் பெரிது, நாம் என்ன செய்தோம் என்று யாராவது கேட்டால் தலையைத்தான் சொறிய வேண்டும்.

சரி, கணக்கு. கரைக்குக் கல் அடுக்க 2,40,000. மருதங்கன்று 150, கூண்டோடு ஒன்றுக்கு 850 வீதம் 1,27,500. பெண்கள் உடை மாற்றும் அறை 1,10,000. ஆக 4,77,500. வந்தது 2,91,000.

கொடுத்தவர்களை நினைத்தால் கண் கலங்குகிறது. ஒரு நாள் கூலியை அப்படியே முடிந்து கொண்டுவந்த பீடி சுற்றும் அக்காமார், பம்பாயில் டீக்கடை வைத்து மாதாமாதம் அனுப்பும் தம்பிமார், மஸ்கட்டிலிருந்து கேட்காமலே 25,000 அனுப்பிய அண்ணாச்சி, உண்டியலை உடைத்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் அந்த நறும்பூநாதர் அருள் பரிபூரணமாகக் கிடைக்கட்டும். பெரிய வீட்டுக்காரர்கள் சிலர் இன்னும் 'பார்ப்போம்' என்கிறார்கள். பிள்ளைகளே கொடுத்துவிட்டார்கள், இதற்கு மேல் நாங்கள் சொல்வது அழகில்லை.

ஆவணி முடிவதற்குள் பணம் கட்டினால்தான் கல் லோடு வரும். நூறு ரூபாயானாலும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வரவு செலவு கோயில் பலகையில் எழுதிப் போடுகிறோம்.

இப்படிக்கு,
தோப்புக் கமிட்டியார்