ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். திரையை இயக்குகிற மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரை மாற்றினாய், திரை கறுத்துவிட்டது, சரி. அதற்காக "ஃபார்மட் அடித்தால்தான் ஆகும்" என்று ரூமில் இருக்கிற பையன் சொன்னதும் தலையாட்டிவிடுவதா? கடையில் எத்தனை கம்ப்யூட்டர் பார்த்திருக்கிறேன். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது, எல்லாம் கைவிட்ட பிறகு செய்கிற வேலை.

முதலில் சார்ஜரைச் செருகு. பாதியில் அணைந்தால் வம்பு. லேப்டாப்பைப் போட்டு, விண்டோஸ் சின்னம் வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணை. இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் அதுவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் சிஸ்டம் ரீஸ்டோர். முன்பு சேமித்து வைத்த நிலைகள், அதாவது ரீஸ்டோர் பாயிண்ட்கள், தேதி போட்ட பட்டியலாக வரும். டிரைவர் போட்டதற்கு முந்தையதைத் தேர்ந்தெடு. கீழே 'ஸ்கேன் ஃபார் அஃபெக்டெட் புரோகிராம்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எந்தெந்த மென்பொருள் போய்விடும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். உன் போட்டோ, வேர்டு ஃபைல் எதையும் அது தொடாது. ரெஜிஸ்ட்ரி என்கிற விண்டோஸின் அமைப்புப் பதிவேடு, சிஸ்டம் ஃபைல்கள், டிரைவர்கள் இவற்றைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும்.

பட்டியல் காலியாக இருந்தால் பதறாதே. பல லேப்டாப்களில் இந்த வசதி அணைத்தே வருகிறது. அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் திறந்து, டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடு.

நடுவில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற விண்டோஸ் வசதி, 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனிலேயே திறந்து பார். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் கோளாறால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஃபைலை அழித்தால் சரியாகிற விஷயம்தான். ஆனால் இந்த எண் கைவசம் இல்லாமல் பல பேர் உள்ளேயே போக முடியாமல் திண்டாடினார்கள். அதனால் எண்ணைப் பேப்பரில் எழுதி உன் சர்ட்டிஃபிகேட் ஃபைலில் வை.

லேப்டாப் எழுந்ததும் தேடும் இடத்தில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று அடி. சி டிரைவுக்கு நேராக 'ஆஃப்' என்றிருந்தால் கான்ஃபிகரில் போய் ஆன் செய். அப்புறம் கிரியேட். பெயர் கேட்கும், 'டெஸ்ட்' என்று வைத்துத் தொலைக்காதே. நான் 'புது பிரிண்டருக்கு முன்' என்கிற மாதிரி வைப்பேன், கடையில் ஹால்டிக்கெட் எடுக்க வருகிற கூட்டத்தில் யோசிக்க நேரம் இருக்காது. புதிதாக எதையாவது போடும் முன்பு இதைச் செய்துவிடு.

இதையே நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. ரீஸ்டோர் பாயிண்ட் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டின மாதிரி, டிஸ்க் போனால் அதுவும் போச்சு. இடம் நிறைந்தால் பழையதைத் தானாகவே அழித்தும்விடும். அதனால் ப்ராஜெக்ட் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் தனியாகப் போட்டு வை.

கூரியரில் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று வருகிறது. லேப்டாப் எழ மறுத்தால் அதை வைத்துச் சரிசெய்கிற ரெக்கவரி டிரைவ் உண்டாக்கத்தான் அது. உண்டாக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதற்குள் சினிமா ஏற்றி வைக்காதே.

அன்புடன்,
அம்மா