பாட்டியின் குரலும் படங்களும்: ஒரு வேண்டுகோள்

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். பாட்டி போனதிலிருந்து ஆளாளுக்கு ஒரு நினைவைப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். நேற்று சின்ன மாமா போட்ட குரல் பதிவில், "இது பேசுதா இல்லையா?" என்று யாரையோ ஒரு அதட்டு அதட்டிவிட்டு, அப்புறம்தான் நம் நலம் விசாரிக்கிறார். நம் பாட்டியேதான்!

அந்த மாதிரிப் பதிவுகள் யாரிடம் இருந்தாலும் இப்போதே தனியாகச் சேமித்து வையுங்கள். பேக்கப் எடுக்காமல் போனை மாற்றினால் வாட்ஸ்அப்பில் இருப்பது போய்விடும்.

படங்களை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட பழைய படங்களைப் பிய்க்காமல் அப்படியே போனில் எடுத்தால் போதும். பின்பக்கம் பெயர் எழுத பேனா வேண்டாம், மை மறுபக்கம் இறங்கும். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த வருடம் என்பதற்குப் பெரியத்தையைத்தான் நம்பியிருக்கிறோம்.

பாட்டி கோபித்துக்கொண்ட கதைகளையும் எழுதுங்கள். அவரிடம் திட்டு வாங்காதவர் இந்தக் குழுவில் யாராவது உண்டா? (பேரன்களுக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது, அது வேறு கதை.) தொகுப்பது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் வசதியாக இருக்கும்.